டீடூப் கிளஸ்டரில் ஹாஷ் கைரேகையை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிட் அறிக்கையில் “ஷா-1 பயன்பாட்டில் உள்ளது, ஷா-256-க்கு மாற்றவும்” என்று ஒரு வரி வரும். தரவிலிருந்து கணக்கிடும் நிலையான நீள அடையாள எண்தான் ஹாஷ், அதாவது கைரேகை; அதைக் கணக்கிடும் பழைய முறை ஷா-1, புதியது ஷா-256. சிறுசேரியிலோ அம்பத்தூரிலோ பேக்கப் கிளஸ்டரைக் கவனிக்கும் குழுவில் யாராவது ஒருவர் உடனே, “கான்ஃபிக்ல ஒரு லைன்தானே சார், இந்த வீக்எண்ட்ல முடிச்சுடலாம்” என்பார். இணையத்தில் இறக்கும் கோப்புக்குப் பக்கத்தில் போடும் செக்சம் (கோப்பு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) என்றால் அவர் சொல்வது சரி. ஒரே தரவை ஒரே முறை மட்டும் சேமிக்கும் டீடூப் கிளஸ்டரில் அப்படி முடியாது. அங்கே கைரேகை மூன்று வேலை பார்க்கிறது. ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் பெயர் அதுதான். பல சிஸ்டங்களில் அந்தத் துண்டு எந்த நோடில் (கிளஸ்டரில் உள்ள எந்த சர்வரில்) இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அதுதான். திரும்பப் படிக்கும்போது தரவு கெடவில்லை என்பதற்குச் சாட்சியும் அதுதான். ஆடிட்டர் கேட்டது ஒன்றை, மாறப்போவது மூன்றும். நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கிட் மென்பொருளும் உள்ளடக்கத்தின் ஹாஷையே பெயராக வைப்பதுதான். அதில் 2020 அக்டோபரில், 2.29 பதிப்பில் ஷா-256 வந்தபோது சோதனை வசதி என்ற முத்திரையோடுதான் வந்தது.

எதற்காக மாற்றுகிறோம் என்பதிலேயே குழப்பம்

“டேட்டா பெருகிவிட்டது, இரண்டு துண்டுகளுக்குத் தற்செயலாக ஒரே ஷா-1 வந்துவிடும்” என்ற பயத்தில் அவசரப்படுவது முதல் தவறு. 100 டெராபைட் தரவை 8 கிலோபைட் துண்டுகளாக நறுக்கினால் சுமார் 1,340 கோடி துண்டுகள். 160 பிட் கைரேகையில் அவற்றுள் ஏதாவது இரண்டு தற்செயலாக மோதும் வாய்ப்பு, 2-இன் 93ஆம் அடுக்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கு முன்னால் உங்கள் டிஸ்க், மின்சாரம், மெமரி எல்லாமே பல தடவை கைவிட்டிருக்கும்.

உண்மையான ஆபத்து வேண்டுமென்றே செய்யப்படும் மோதல். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஷா-1 கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. அவற்றின் வேறுபாடு முழுவதும் முதல் 320 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதன் பிறகு இரண்டும் அச்சாக ஒன்றே. அதாவது, கோப்பின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட்டாக வெட்டும் சிஸ்டத்தில் இரண்டின் முதல் துண்டுக்கும் ஒரே கைரேகைதான் வரும். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சில நாள்களிலேயே வெப்கிட் என்ற உலாவி எஞ்சின் திட்டத்தில் சோதனைக்காக அந்த இரண்டு கோப்புகளையும் சேர்த்தார்கள். நிரலைச் சேமித்து வைத்திருந்த அவர்களுடைய சப்வெர்ஷன் களஞ்சியம் சிக்கி நின்றது. காரணம், ஒரே ஷா-1 கொண்ட உள்ளடக்கத்தை சப்வெர்ஷன் ஒரு முறைதான் சேமிக்கும். அங்கே சிக்கியதால் தெரிந்தது. பைட் ஒப்பீடு இல்லாத டீடூப் ஸ்டோரேஜில் முதலில் வந்த துண்டு தங்கிவிடும், இரண்டாவதைக் கேட்பவருக்கும் முதலாவதே போகும், எந்த எர்ரரும் வராது.

ஆகவே, உங்கள் சொந்த சர்வர்கள் மட்டும் எழுதும் கிளஸ்டர் என்றால் நிதானமாகத் திட்டமிடலாம். ஷா-1-ஐ 2030 டிசம்பர் 31-க்குள் கைவிடச் சொல்லி அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2022-இல் அறிவித்தது. அந்தத் தேதிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. வெளி வாடிக்கையாளர்கள் கோப்பு ஏற்றும் கிளஸ்டர் என்றால் கதை வேறு. அங்கே ஹாஷை மாற்றும் வரை காத்திருக்காமல், கைரேகை பொருந்தினாலும் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியை இன்றே போடுங்கள். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் வெரிஃபை என்ற பெயரில் அது இருக்கிறது. வேகம் குறையும், குறையட்டும்.

தரவைப் படிக்காமல் மாற்றுவது

1,340 கோடி துண்டுகளையும் டிஸ்கிலிருந்து படிக்க வேண்டுமே என்ற சோம்பலில் பிறக்கும் யோசனை ஒன்று உண்டு: பழைய ஷா-1 மதிப்பையே எடுத்து அதற்கு ஷா-256 போட்டுவிடலாம், நீளம் 32 பைட் ஆகிவிடும், அறிக்கையும் பச்சையாகிவிடும். பழைய கைரேகை ஒன்றாக இருந்தால் அதிலிருந்து பிறக்கும் புதியதும் ஒன்றாகத்தானே இருக்கும்? பாதுகாப்பு துளியும் கூடவில்லை, கைரேகைகளின் பட்டியலான இண்டெக்ஸ் மட்டும் பெருத்தது. ஆடிட்டரை ஏமாற்றலாம், தாக்குபவரை முடியாது.

இதைவிட நுட்பமான தவறு, தரவைப் படித்து, பழைய கைரேகையைச் சரிபார்க்காமலே புதியதைக் கணக்கிடுவது. எல்லாத் தவறுகளிலும் என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். ஐந்து வருடமாகத் தொடப்படாத துண்டில் ஒரு பிட் புரண்டிருக்கலாம். பழைய ஷா-1 இருந்தவரை, ரீஸ்டோர் செய்யும்போது “இது கெட்டுவிட்டது” என்று அது சொல்லியிருக்கும். ரெப்ளிகாவிலிருந்து (வேறிடத்தில் உள்ள நகலிலிருந்து) நல்ல பிரதியை எடுத்திருக்கலாம். நீங்களோ கெட்டுப்போன தரவுக்கு அழகான புதிய ஷா-256 போட்டு, பழைய சாட்சியையும் அழித்துவிட்டீர்கள். இனி அந்தக் கெட்ட தரவு எந்தச் சோதனையிலும் தேறிவிடும். எனவே வரிசை மாறக்கூடாது: படி, பழையதோடு ஒப்பிடு, பொருந்தினால் மட்டும் புதியதைக் கணக்கிடு. பொருந்தாவிட்டால் அந்தத் துண்டைத் தனியே ஒதுக்கி, ரெப்ளிகாவிலிருந்து மீட்ட பிறகுதான் அடுத்த வேலை.

எது பழையது, எது புதியது

டேட்டாபேஸில் கைரேகைக்கான இடம் 20 பைட் என்று முன்பே கட்டப்பட்டிருக்கும். டேட்டாபேஸின் அமைப்பான ஸ்கீமாவைத் தொட யாருக்கும் மனம் வராது. ஷா-256-ஐ 20 பைட்டாக வெட்டி அதே இடத்தில் திணிப்பார்கள். கணித ரீதியாகப் பார்த்தால் அது ஷா-1-ஐவிட மோசமில்லை, ஷா-1 மீதான தாக்குதல் அதன் மேல் செல்லாது. சிக்கல் வேறு இடத்தில். ஒரு 20 பைட் மதிப்பைப் பார்த்தால் அது எந்த அல்காரிதத்தில் பிறந்தது என்று சொல்ல முடியாது. மயிலாப்பூரில் பழைய எண், புதிய எண் என்று சொல்லாமல் “14” என்று மட்டும் முகவரி எழுதிக் கொடுத்தால் கூரியர்காரர் என்ன பாடுபடுவாரோ, உங்கள் ரீஸ்டோர் அதே பாடுபடும்.

ஒவ்வொரு கைரேகையோடும் அல்காரிதத்தின் அடையாளம் ஒரு பைட்டாவது ஒட்டியிருக்க வேண்டும். இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக் பாயிண்டரிலும் (தரவு எங்கே இருக்கிறது என்ற குறிப்பிலும்) அதைக் குறித்து வைக்கிறது. ஐபிஎஃப்எஸ் என்ற பரவலாக்கப்பட்ட கோப்பு அமைப்பு பயன்படுத்தும் மல்டிஹாஷ் முறையில் முதலில் அல்காரித எண், பிறகு நீளம், பிறகுதான் ஹாஷ். அடுத்த மாற்றம் வரும்போது இதே வேலையை இன்னொருவர் செய்வார். அந்த ஒரு பைட்டுக்காக உங்களை வாழ்த்துவார்.

முகவரி மாறுகிறது என்பதை மறப்பது

தரவைப் பல சர்வர்களில் பரப்பி வைக்கும் செஃப் என்ற மென்பொருளின் டீடூப் அமைப்பில் துண்டின் கைரேகையே அந்த ஆப்ஜெக்டின் பெயர். பெயரை வைத்துத்தான் கிரஷ் அல்காரிதம் அது எந்த டிஸ்குக்குப் போக வேண்டும் என்று கணக்கிடுகிறது. கைரேகை மாறினால் பெயர் மாறும், பெயர் மாறினால் இடம் மாறும். “ஹாஷை மட்டும்தான் மாற்றுகிறோம்” என்று தொடங்கிய வேலை, ஏறக்குறைய மொத்தத் தரவும் நெட்வொர்க்கில் இடம்பெயரும் வேலையாக முடியும். கைரேகையின் முதல் சில பிட்டுகளை வைத்து நோடைத் தேர்ந்தெடுக்கும் எல்லா அமைப்புகளுக்கும் இது பொருந்தும். உங்கள் அமைப்பில் கைரேகைக்கும் இடத்துக்கும் நடுவே கண்டெய்னர் (பல துண்டுகளைச் சேர்த்து வைக்கும் பொட்டலம்) எண் போன்ற ஓர் அடுக்கு இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தரவு நகராமல் இண்டெக்ஸ் மட்டும் மாறும். மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன் வெள்ளைப் பலகையில் வரைந்து பார்க்க வேண்டிய முதல் படம் இது.

படிக்கும் வரிசையும் முக்கியம். இண்டெக்ஸில் உள்ள கைரேகை வரிசைப்படி போனால் டிஸ்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்க நேரும். நொடிக்கு 150 படிப்பு தாங்கும் 100 ஹார்ட் டிஸ்குகள், வேறு எந்த வேலையும் இல்லாமல் ஓடினாலும் 1,340 கோடி துண்டுகளுக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதே துண்டுகளை அவை கிடக்கும் கண்டெய்னர் வரிசையில், டிஸ்குக்கு நொடிக்கு 150 மெகாபைட் என்று தொடர்ச்சியாகப் படித்தால் காகிதக் கணக்கில் இரண்டு மணி நேரம். நிஜத்தில் பேக்கப்பும் ரீஸ்டோரும் கூடவே ஓடும், பல மடங்கு நீளும். ஆனாலும் இந்த இடைவெளி போகாது.

இரண்டும் சேர்ந்து வாழும் காலம்

இசட்எஃப்எஸ்ஸில் செக்சம் வகையை மாற்றினால் இனி எழுதும் பிளாக்குகளுக்குத்தான் அது பொருந்தும். பழையவை பழைய ஹாஷோடு அப்படியே இருக்கும். அதே தரவு மறுபடி வந்தால் புதிய ஹாஷ் பழையதோடு பொருந்தாது, இன்னொரு பிரதி உட்காரும். வாராவாரம் முழு பேக்கப் எடுக்கும் இடத்தில் முதல் வாரமே வட்டு பாதி நிறைந்து போன் அடிக்கும். வரும் துண்டுக்கு இரண்டு ஹாஷும் கணக்கிட்டு இரண்டு இண்டெக்ஸிலும் தேடினால் இதைத் தவிர்க்கலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது: பழைய இண்டெக்ஸில் ஷா-1 பொருந்தியதுமே நம்பிவிட்டால், எந்த ஓட்டையை அடைக்க வந்தோமோ அதே ஓட்டை திறந்தே கிடக்கும். பழையதில் பொருந்தினால் பைட் ஒப்பீடு கட்டாயம்.

மெமரி கணக்கை முன்பே போடுங்கள். மேலே சொன்ன அளவுக்கு ஒரு துண்டுக்குக் கூடுதலாக 32 பைட் என்றால் சுமார் 400 ஜிகாபைட். இதைக் கிளஸ்டர் முழுவதும் பகிர்ந்தாலும், ராமில் கச்சிதமாக அடங்கியிருந்த இண்டெக்ஸ் எஸ்எஸ்டிக்கு வழிந்தால் எழுதும் வேகம் தடாலென்று விழும். சிபியு விஷயத்தில், ஷா கணக்கிடத் தனிக் கட்டளைகள் இல்லாத பழைய இன்டெல் ஸியான் சர்வர்களில் ஷா-256-ஐவிட ஷா-512 வேகமாக ஓடுவது வழக்கம். ஷா-512/256 என்ற, 32 பைட் மட்டும் தரும் வகையையும் உங்கள் மெஷினிலேயே ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

கார்பேஜ் கலெக்‌ஷன் (யாரும் குறிப்பிடாத துண்டுகளை அழிக்கும் வேலை) பற்றி ஒரே வரி: ஒரே துண்டுக்கு இரண்டு பெயர் இருப்பது அதற்குத் தெரியாவிட்டால், பழைய பெயரை யாரும் குறிப்பிடவில்லை என்று சொல்லி உயிரோடு இருக்கும் தரவை அழித்துவிடும், அதைக் கற்றுக்கொடுக்கும் வரை நிறுத்தி வையுங்கள்.

எல்லா நோடுகளும், பேக்கப் ஏஜெண்டுகளும், டிஆர் தளமும் (பேரிடரில் மாறிக்கொள்ளும் மாற்று மையமும்) புதிய மென்பொருளுக்கு வந்த பிறகுதான் புதிய ஹாஷை எழுதத் தொடங்க வேண்டும். டிஆரை மறப்பவர்கள் அதிகம். “இந்தத் துண்டு உன்னிடம் இருக்கிறதா?” என்று கைரேகையைச் சொல்லித்தான் ரெப்ளிகேஷன் நடக்கிறது. மறுமுனைக்குப் புதிய கைரேகை புரியாவிட்டால் எல்லாத் தரவும் மறுபடி லிங்க் வழியே போகும். அந்த நேரம் பார்த்து டிஆருக்கு மாற வேண்டி வந்தால் அங்கே இருப்பது பாதி மொழி தெரிந்த கிளஸ்டர். சென்னையில் இது வெறும் கற்பனையல்ல: 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் மூன்றும் டிசம்பரில் வந்தவை. பல வாரம் ஓடும் மாற்றத்தை ஐப்பசி கார்த்திகையில் தொடங்காதீர்கள். பொங்கலுக்குப் பிறகு ஆரம்பியுங்கள்.

எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் ஒரு தவறுதான். பேக்கப்பை 90 நாள் மட்டும் வைத்திருக்கும் இடத்தில் பழைய துண்டுகளைத் தொடவே வேண்டாம். புதியதைப் புதிய ஹாஷில் எழுதிக்கொண்டே இருந்தால் பழையவை காலாவதியாகிப் பெரும்பாலும் தானே உதிரும்; நான் பெரும்பாலும் இதைத்தான் பரிந்துரைப்பேன். பல ஆண்டுகள் பூட்டி வைக்கப்பட்ட, திருத்த முடியாத பேக்கப்புகள் இருந்தால் அது முடியாது. அவற்றின் துண்டுப் பட்டியலான மேனிஃபெஸ்டில் பழைய கைரேகைகள்தான் எழுதியிருக்கும், அதை நீங்கள் மாற்றவும் கூடாது. பழையதிலிருந்து புதியதற்கான அட்டவணை, அந்த பேக்கப்புகளில் கடைசி ஒன்று காலாவதியாகும் வரை இருந்தாக வேண்டும். அதற்கும் பேக்கப் வேண்டும்.

அப்புறம், சோதனை ரீஸ்டோர். நேற்று எடுத்த பேக்கப்பை மீட்டுப் பார்த்து “ஓகே” போட்டால் புதிய ஹாஷில் எழுதியது புதிய ஹாஷில் படிக்க வருகிறது என்று மட்டும்தான் தெரியும். இருப்பதிலேயே பழைய பேக்கப்பை எடுங்கள், டிஆர் தளத்திலிருந்து, பழைய இண்டெக்ஸை அழிக்காமல் ஆஃப்லைனில் வைத்துவிட்டு மீட்டுப் பாருங்கள். அது வந்த பிறகு அழிப்பதைப் பற்றிப் பேசலாம்.