எஸ்கேப் ரூமில் ராத்திரி தங்கப் போகிறீர்களா?

பூட்டிய அறைக்குள் துப்புகளைத் தேடி, புதிர்களை அவிழ்த்து வெளியே வரும் விளையாட்டு இடம்தான் எஸ்கேப் ரூம். போன டிசம்பரில் நாங்கள் ஆறு பேர் அப்படி ஒன்றில் விடிய விடிய இருந்தோம். நீங்களும் போவதாக இருந்தால், விலை பேசும் முன் கதவைப் பாருங்கள். 2019 ஜனவரியில் போலந்தின் கோஷாலின் நகரில் இப்படி ஒரு இடத்தில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாட வந்த ஐந்து சிறுமிகள் வெளியேற முடியாமல் இறந்துபோனார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள். இன்றும் மனசு ஆறவில்லை.

பெரும்பாலும் காந்தப் பூட்டுதான் இருக்கும். கரண்ட் போனால் அது தானாக விட வேண்டும். ஆனால் யூபிஎஸ் இருந்தால் விடாது, அதனால் உள்ளே அவசரப் பொத்தான் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாங்கள் அதை அழுத்திப் பார்த்தோம். ‘டக்’கென்று கதவு விலகிய பிறகுதான் பைகளை உள்ளே வைத்தோம். ராத்திரி முழுக்க ஓர் ஊழியர் வெளியே விழித்திருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு விளையாட்டு சுமார் ஒரு மணி நேரம்தான். கஷ்டமானதைப் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் தூக்கத்தில் சண்டை வரும்.

சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை சாதம் சாப்பிட்ட கையோடு நண்பன் சுவரைத் தொட்டுவிட்டான். புற ஊதா டார்ச் அடித்ததும் மஞ்சள் பட்ட ஐந்து விரல்களும் பளீரென்று மின்னின. அதையே துப்பு என்று நம்பி இருபது நிமிடம் போனது.

போர்வை, அலாரம் இரண்டும் அவசியம். ஜன்னல் இல்லாத அறையில் விடிந்தது தெரியாது.