ஹாம் கிளப்புகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களின் கிளப் ஒன்றின் வாராந்தர நெட்டை (எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் கூட்டத்தை) ஒரு மாதம் தொடர்ந்து கேட்டால் போதும், அந்தக் கிளப்பின் நிலைமை தெரிந்துவிடும். அதே ஏழெட்டுக் குரல்கள், அதே வரிசை, அதே விசாரிப்பு என்று ஓடினால், புதிதாக உரிமம் வாங்கியவர்கள் எங்கோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். தேர்வு எழுதி, அலையில் தங்களை அடையாளம் காட்டும் அழைப்புக்குறி வாங்கியாயிற்று, கையில் ரேடியோவும் இருக்கிறது, ஆனால் வாய் வரவில்லை. இதற்கு அவர்களின் கூச்சத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. உயரமான ஆன்டெனாவும் பழகிய குரலும் உள்ளவர்களை மனதில் வைத்தே எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, மெலிந்த சிக்னலோடு ஓரத்தில் நிற்பவரை மறந்துவிடுவதுதான் கிளப்புகள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி.

ரிப்பீட்டரில் இது அப்பட்டமாகத் தெரியும். ரிப்பீட்டர் ஒரு அதிர்வெண்ணில் கேட்டு, அதே நொடியில் இன்னொன்றில் திருப்பி அனுப்புகிறது. இரண்டு மீட்டர் பேண்ட் என்ற அலைவரிசைப் பகுதியில் இந்த இரண்டுக்கும் நடுவே வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். பல ரிப்பீட்டர்கள், உங்கள் குரலோடு 88.5 ஹெர்ட்ஸ், 123 ஹெர்ட்ஸ் போன்ற ஒரு மெல்லிய டோனும் சேர்ந்து வந்தால்தான் கதவையே திறக்கும். டோனை அடையாளம் காண, டிரான்ஸ்மிட்டர் எழ, எதிர்முனை ரேடியோவில் இரைச்சலை அடக்கி வைக்கும் ஸ்குவெல்ச் திறக்க என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நேரம் போகும். பேசுவதற்கான பி.டி.டி. பட்டனை அழுத்திய கையோடு பேச ஆரம்பித்தால் அழைப்புக்குறியின் முதல் எழுத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பேச வேண்டும். பழைய ஆட்களே இதில் தவறுவதால்தான் புதியவர்களுக்கும் அதே பழக்கம் தொற்றுகிறது.

அதைவிட மோசம், ஒருவர் முடித்த மறுகணமே அடுத்தவர் பாய்வது. ரிப்பீட்டர்களில் ‘பீப்’ சத்தம் வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. ஒருவரே விடாமல் பேசினால் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிடும் டைமர் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்; மூன்று நிமிடம் என்று வைத்திருப்பது சகஜம். பல ரிப்பீட்டர்களில் அந்த பீப் வந்த பிறகுதான் டைமர் பூஜ்யத்துக்குத் திரும்பும். பீப் வருவதற்குள் நீங்கள் பேசத் தொடங்கினால் முன்னால் பேசியவரின் நேரமும் உங்கள் கணக்கில் ஏறி, நடுவாக்கியத்தில் ரிப்பீட்டர் விழுந்துவிடும். அது கூடப் பரவாயில்லை. இடைவெளியே விடாத பேச்சில் ஓர் அவசரத் தகவலோடு காத்திருப்பவர் எங்கே நுழைவார்?

இன்னொரு தப்புக்கணக்கு: ‘எனக்கு ரிப்பீட்டர் பிரமாதமாகக் கேட்கிறது, அதனால் நானும் அதற்குக் கேட்பேன்.’ ரிப்பீட்டர் உயரத்தில் நல்ல ஆன்டெனாவோடு, அதிக வாட்டில் ஓடுகிறது. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 5 வாட்தான், அதோடு விரல் நீள ரப்பர் ஆன்டெனா. அதையும் இடுப்பில் செருகிக்கொண்டு, அல்லது கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் உண்டு. எஃப்.எம். ரிப்பீட்டர் ஆன்டெனாக்கள் செங்குத்தாக நிற்பவை. உங்களுடையதும் செங்குத்தாக இருக்க வேண்டும். ஜன்னலோரம் ஓரடி நகர்ந்தாலே இரைச்சல் அடங்குவதைப் பார்க்கலாம். வீட்டுக்குள் இருந்து ஹேண்டியில், அதாவது கையடக்க ரேடியோவில், பேசும் உறுப்பினருக்கு “உங்கள் சிக்னல் சரியில்லை” என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், இந்த இரண்டு விஷயத்தையும் சொல்லிக் கொடுத்தால் அவர் அடுத்த வாரமும் வருவார்.

நெட் நடத்துபவரின் தவறுகள்

“எல்லா நிலையங்களும் இப்போது வரலாம்” என்று பொதுவாகக் கூப்பிடுவதுதான் நெட் கண்ட்ரோல் செய்யும் முதல் பிழை. ஐந்து பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துவார்கள். எஃப்.எம்.மில் வலுவான சிக்னல் மெலிந்ததை முழுசாக விழுங்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கீச்சென்ற ஒலி மட்டும் மிஞ்சும். ஆக, ஒவ்வொரு வாரமும் பெரிய ஆன்டெனா வைத்திருப்பவர் முதலில் பதிவாகிறார். ஓரத்தில் இருப்பவர் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு ரேடியோவை அணைக்கிறார். அவர் வந்ததே யாருக்கும் தெரியாது.

சரி, எப்படிக் கூப்பிடுவது? வரிசையைத் தலைகீழாக்குங்கள். “கையடக்க ரேடியோவில் இருப்பவர்கள், பேட்டரியில் ஓடும் நிலையங்கள், இன்று முதல் முறையாக வருபவர்கள் மட்டும் முதலில்” என்று சொல்லிவிட்டு உண்மையாகவே காத்திருக்க வேண்டும். ஐந்து விநாடி அமைதி நெட் கண்ட்ரோலுக்கு யுகமாகத் தெரியும், ஆனால் புதிதாக வருபவருக்குத் தைரியத்தைத் திரட்ட அது தேவை. இரண்டு பேர் மோதிக்கொண்டால் “யாரோ இருவர், மறுபடி வாருங்கள்” என்றால் அதே இருவர் மறுபடி மோதுவார்கள். காதில் விழுந்த ஒரு துணுக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: “கடைசி எழுத்து டாங்கோ, அந்த நிலையம் மட்டும்.” அவர் முடித்ததும், “அவரோடு சேர்ந்து வந்த இன்னொருவர்” என்று மற்றவரைத் தேடிப் போக வேண்டும். அழைப்புக்குறியை முழுசாகத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வதும் அவசியம். ‘ஓகே, அடுத்து’ என்றால் பதிவானது யார் என்று யாருக்குத் தெரியும்?

எழுத்துகளைச் சொல்லும் முறையிலும் கிளப்புக்குக் கிளப் ஒரு விளையாட்டு நடக்கிறது. A-க்கு ஆல்ஃபா, B-க்கு பிராவோ, C-க்கு சார்லி, T-க்கு டாங்கோ என்று உலகம் முழுக்கப் பழகிய பட்டியல் 1956-இல் இறுதி வடிவம் பெற்றது. பல மொழிக்காரர்களின் வாயிலும் காதிலும் சோதித்துத் தேர்ந்தெடுத்த சொற்கள் அவை. அதற்குப் பதில் சொந்தமாகக் கண்டுபிடித்த ஊர்ப் பெயர்களும் பழப் பெயர்களும் சிரிப்புக்கு உதவலாம், இரைச்சலுக்கு நடுவே உதவாது.

புதியவர் தப்பாக ஏதாவது சொன்னால் அதே இடத்தில், எல்லோரும் கேட்க, விதிமுறை வகுப்பு எடுப்பது என் கணக்கில் மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. அவசரமில்லாத திருத்தத்தை நெட் முடிந்த பிறகு போனில் சொல்லலாம்.

பேரிடர் ஒத்திகை

ஒத்திகை நன்றாக நடந்தது என்று கிளப்புகள் சொல்லும்போது நான் முதலில் கேட்பது, ரிப்பீட்டர் ஓடிக்கொண்டிருந்ததா என்றுதான். ஓடியிருந்தால் அங்கே சோதிக்கப்பட்டது கொஞ்சம்தான். புயலிலோ நிலநடுக்கத்திலோ முதலில் போவது மின்சாரம். ரிப்பீட்டரின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது பல உறுப்பினர்களுக்குத் தெரியாது. ஒத்திகையின் பாதியிலாவது ரிப்பீட்டரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, நேரடியாக, அதாவது சிம்ப்ளெக்ஸில், யார் யாருக்குக் கேட்கிறார் என்று ஒரு கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள். நடுவில் இருக்கும் இரண்டொரு வீடுகள்தான் எல்லோரையும் இணைக்கும் பாலம் என்பது அப்போது தெரியவரும். அந்த வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வரும்.

அடுத்தது, தகவலைச் ‘சுருக்கிச்’ சொல்வது. முகாமில் இருப்பவர் “எண்பது போர்வை, நாலு ஸ்ட்ரெச்சர், மாலை 6 மணிக்குள்” என்று எழுதிக் கொடுத்தால் போய்ச் சேர வேண்டியது அதே வரிதான். வழியில் இருக்கும் ஆபரேட்டர் “போர்வை நிறைய வேண்டுமாம்” என்று தன் சொல்லில் மாற்றினால் காரியம் கெட்டது. எண்களில் இன்னும் கவனம் வேண்டும். எண்பதும் எண்ணூறும், எழுபதும் எழுநூறும் வால் அறுந்தால் ஒன்றுபோலவே கேட்கும். எண்ணைச் சொல்லிவிட்டு, “இலக்கமாக, எட்டு, பூஜ்யம்” என்று பிரித்தும் சொல்ல வேண்டும். பெறுபவர் எழுதியதைத் திருப்பி வாசிக்க வேண்டும். தகவலில் மொத்தம் எத்தனை சொற்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பும் பழைய வழக்கம் இதற்காகத்தான். எண்ணிக்கை உதைத்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

ஒவ்வொரு ஒத்திகைத் தகவலின் தொடக்கத்திலும் முடிவிலும் ‘இது பயிற்சி’ என்று சொல்லாமல் விடுவது ஆபத்தான சோம்பல். கிளப்புக்கு வெளியிலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நடுவில் ரேடியோவைப் போட்டவர் காதில் ‘பாலம் இடிந்தது, ஆறு பேர் காயம்’ என்று விழுந்தால் அவர் என்ன செய்வார்?

வெளிக்களத்தில்

ஃபீல்டு டே அமெரிக்காவில் 1933-இல் தொடங்கியது. ஜூன் மாதத்தின் நான்காவது முழு வார இறுதியில், மின் இணைப்பை நம்பாமல் திறந்தவெளியில் நிலையம் அமைத்து இயக்குவதுதான் அதன் சாரம். அதே பாணியில் உலகெங்கும் கிளப்புகள் முகாம் போடுகின்றன. அங்கே நடக்கும் தவறுகளில் உயிரோடு விளையாடுவது ஒன்றுதான்: மின்கம்பிக்கு அருகே ஆன்டெனா தூக்குவது. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அதோடு கட்டிய வயர் எங்கே பறந்தாலும், மின்கம்பியை எட்டவே முடியாத இடமாக இருக்க வேண்டும். ‘கவனமாகத் தூக்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

மற்றதெல்லாம் எரிச்சலூட்டும் ரகம். வழக்கமாக வரும் புகார், “ரிசீவ் நன்றாக இருக்கிறது, பேசினால் ரேடியோ அணைந்துவிடுகிறது” என்பது. ரேடியோவைப் பிரித்துப் பார்க்காதீர்கள், வயரைப் பாருங்கள். 100 வாட் ரேடியோ அனுப்பும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், போக வர 6 மீட்டர். அதன் மின்தடை ஏறக்குறைய 0.07 ஓம். 20 ஆம்பியரில் 1.4 வோல்ட் வயரிலேயே போய்விடும். 12.6 வோல்ட் பேட்டரி, ரேடியோவின் வாசலில் 11.2 ஆகிவிடுகிறது. பல ரேடியோக்கள் 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று கேட்பவை, அதாவது 11.7 வரைதான். வயரைத் தடிமனாக்கி, பேட்டரியை மேசைக்குக் கீழேயே கொண்டுவந்தால் நோய் தீர்ந்தது.

இரண்டு நிலையங்களை ஒரே மைதானத்தில் போடும்போது ஒன்று மற்றொன்றைச் செவிடாக்கும். ஒரு நிலையத்தின் சிக்னல் அதன் அதிர்வெண்ணின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியும்; 7 மெகாஹெர்ட்ஸின் இரட்டிப்பு 14, மும்மடங்கு 21 என்பதை மறந்து ஆன்டெனாக்களை அருகருகே கட்டினால், வேண்டிய பேண்டை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் இல்லாமல் சமாளிப்பது கடினம். ஆன்டெனாக்களுக்கு இடையே தூரத்தைக் கூட்டி, ஒன்றின் முனை மற்றொன்றைப் பார்க்கும்படி நேர்க்கோட்டில் நீட்டிக் கட்டினால் பாதி தொல்லை குறையும்.

ஃபாக்ஸ் ஹண்ட் என்ற நரி வேட்டை விளையாட்டில், ‘நரி’யாக ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடுபவர்கள், சிக்னல் வலுக்க வலுக்க ஓடுவார்கள். அருகே வந்ததும் எல்லாத் திசையிலும் மீட்டர் முழுசாக ஏறி நிற்கும், ஓட்டமும் நின்றுபோகும். சிக்னலைக் குறைத்துக் காட்டும் அட்டெனுவேட்டர் இல்லையென்றால் ரேடியோவை ஐந்து பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்துக் கேளுங்கள். ஹேண்டியை மார்போடு அணைத்துப் பிடித்துச் சுற்றினால், சிக்னல் மிகக் குறையும் திசையில் நரி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

விண்வெளி நிலையத்தோடு மாணவர்கள் பேசும் நிகழ்ச்சி ஒரு கிளப்புக்குக் கிடைப்பது அபூர்வம். 1983-இல் ஓவன் கேரியட் கொலம்பியா விண்கலத்திலிருந்து முதன்முதலாக ஹாம்களோடு பேசியதில் தொடங்கிய வழக்கம் இது. நிலையம் தலைக்கு மேல் கடக்கும் நேரம் அதிகபட்சம் பத்து நிமிடம்தான். அதில் ஒவ்வொரு குழந்தையும் வணக்கம் சொல்லி, தன்னை அறிமுகம் செய்து, நன்றியும் சொல்லிக்கொண்டிருந்தால் பாதிக் குழந்தைகளின் கேள்வி மிச்சமாகிவிடும். பெயர், கேள்வி, ‘ஓவர்’, அவ்வளவுதான். இதை அதே மைக்கில் பல முறை ஒத்திகை பார்க்க வேண்டும், ஏனென்றால் பட்டனை விட மறந்த ஒரு பிள்ளையால் பதில் யாருக்குமே கேட்காமல் போகும். இன்னொன்று, 145.800 மெகாஹெர்ட்ஸில் வீட்டிலிருந்து கேட்பவர்களுக்கு விண்வெளி வீரரின் குரல் மட்டும்தான் வரும், கேள்விகள் வராது. கேள்விப் பட்டியலை முன்கூட்டியே அவர்களுக்கு அனுப்பி வைப்பது பல கிளப்புகளுக்குத் தோன்றுவதில்லை.

அறிவிப்புகளும் பதிவுகளும்

‘இந்த ஞாயிறு நெட், எல்லோரும் வாரீர்’ என்று ஓர் அறிவிப்பு. எந்த ஞாயிறு? எந்த அதிர்வெண்? ரிப்பீட்டரின் இரண்டு அதிர்வெண்களுக்கும் உள்ள இடைவெளி, அதாவது ஆஃப்செட், கூட்டலா கழித்தலா, டோன் எவ்வளவு? பழையவர்களின் ரேடியோவில் இதெல்லாம் நினைவகத்தில் இருக்கும், புதியவரிடம் இருக்காது. தேதி, நேரம், நேர மண்டலம், அதிர்வெண், ஆஃப்செட், டோன் என்ற ஆறும் எல்லா அறிவிப்பிலும் இருக்கட்டும், அலுக்கும் அளவுக்கு இருந்தாலும் சரி. ஏப்ரல் 18 உலக அமெச்சூர் வானொலி நாள் நிகழ்ச்சிக்குக்கூடத் தேதி மட்டும் போட்டுவிட்டு நேரத்தை விட்டுவிடுகிறார்கள்.

செய்தி என்றால் பொன்னாடை போர்த்திய படம் என்று ஆகிவிட்டதும் ஒரு சோகம். எந்த ஆன்டெனா கட்டினார்கள், எவ்வளவு தூரம் எட்டியது, எது சொதப்பியது என்று நான்கு வரி எழுதினால் வராதவரும் கற்றுக்கொள்வார். உறுப்பினர் பட்டியலை முகவரி, போன் எண்ணோடு வெளியே போடாதீர்கள். அலைவரிசையில் வியாபாரம் பேசுவதும் கூடாது. பழைய ரேடியோவை விற்க விரும்புகிறவருக்கு உங்கள் நாட்டு உரிம விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு இடம் கொடுங்கள்.

கடைசியாக லாக், அதாவது யாரோடு எப்போது பேசினோம் என்று குறிக்கும் பதிவேடு. சிறப்பு நிகழ்ச்சியில் பலர் மாறி மாறி உட்காரும்போது ஒருவர் உள்ளூர் நேரத்திலும் அடுத்தவர் உலகப் பொது நேரமான யு.டி.சி.யிலும் எழுதிவிடுவார்கள். இரு தரப்பு லாக்கையும் ஒப்பிடும் லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு போன்ற இணையச் சேவையில் இரு தரப்பு நேரமும் 30 நிமிடத்துக்குள் பொருந்தினால்தான் தொடர்பு உறுதியாகும். எதிர்முனையில் இருந்தவர் ஏதோ ஒரு புதிய கிளப்பை முதன்முதலாகப் பிடித்த மகிழ்ச்சியில், பேசியதை உறுதிசெய்யும் கியூ.எஸ்.எல். கார்டு அனுப்பிவிட்டு, பதில் வராமல் காத்திருப்பார். மேசையில் யு.டி.சி. காட்டும் கடிகாரம் ஒன்றை மட்டும் வையுங்கள், உள்ளூர் நேரக் கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். ஆபரேட்டர் மாறும்போது தேதி வரியை அடுத்தவர் ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டு உட்காரட்டும்; யு.டி.சி. நள்ளிரவைக் கடக்கும்போது தேதியை மாற்ற மறப்பதுதான் லாக்கில் அடிக்கடி வரும் பிழை.