சிங்கப்பூருக்குப் புதிதா? முதல் மாதம் பேருந்தில் சுற்றுங்கள்

இங்கே வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் எம்ஆர்டி என்கிற நகர ரயிலின் வரைபடத்தைக் கையில் கொடுத்துவிடுவார். நானும் அதை வைத்துக்கொண்டுதான் முதல் மூன்று வாரம் ஓட்டினேன். எங்கள் வீடு தெம்பனிஸில். நீல நிறத் தடத்தில் ஏறினால் வண்டி மாறவே வேண்டாம், நேராக லிட்டில் இந்தியா. வசதிதான், ஆனால் வழி முழுக்கச் சுரங்கம். ஏறினால் தெம்பனிஸ், இறங்கினால் தேக்கா (லிட்டில் இந்தியாதான்), நடுவில் ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் மட்டும். ஊர் எப்படியிருக்கிறது என்று மதுரையிலிருந்து மாமா போனில் கேட்டபோது இரண்டு நிலையங்களைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் அம்மா வந்தார். நகரும் படிக்கட்டைக் கண்டாலே அவருக்கு நடுக்கம். சரி, தேக்காவுக்குப் பேருந்தில் போவோம் என்று 65ஆம் எண் வண்டியைப் பிடித்தோம். தெம்பனிஸ் முனையத்திலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை போகிற வண்டி அது. ரயிலைவிட நேரம் அதிகம்தான். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்த என் பையன் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக் எண்களை வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தான், அம்மா எந்தக் காப்பிக் கடையில் கூட்டம் என்று பார்த்துக்கொண்டே வந்தார். அன்றைக்குத்தான் இந்த ஊர் எனக்குள் ஒன்றோடொன்று ஒட்டியது.

கிளம்பும் முன் அட்டை விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள். பணம் நிரப்பிப் பயன்படுத்தும் ஈசி லிங்க் பயண அட்டை வாங்கலாம், அல்லது விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே இயந்திரத்தில் தட்டலாம். ஊரில் வாங்கிய வங்கி அட்டையானால் பயணம் செய்யும் நாள் ஒவ்வொன்றுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள், அதனால் உள்ளூர்க் கணக்கு திறக்கும்வரை ஈசி லிங்க்தான் நல்லது. ஒரு ஆளுக்கு ஓர் அட்டை. அப்பா ஒருவரே நான்கு பேருக்கும் தட்டுகிற வேலை நடக்காது. 90 செ.மீ. உயரத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எதுவும் வேண்டாம். அதைத் தாண்டி 7 வயது நிறையாத பிள்ளைக்கு இலவசப் பயண அட்டை உண்டு, கடவுச்சீட்டோடு நிலையத்துப் பயணச்சீட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். முதியோர் சலுகை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். பார்க்க வந்த அம்மாவுக்கு வயது 68 ஆனாலும் முழுக் கட்டணம்தான்.

ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். பேருந்தில் இறங்கும்போது மறந்தால் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணக்கு. நான் செய்த கூத்து வேறு. போனைத் தட்டி ஏறினேன். இறங்கும்போது போன் மனைவியின் பையில் இருந்ததால் அதே வங்கியின் அட்டையை எடுத்துத் தட்டினேன். இரண்டும் ஒரே கணக்குதானே என்று நினைப்பு. இயந்திரத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு அட்டைகள். எதைத் தட்டி ஏறினீர்களோ அதையேதான் தட்டி இறங்க வேண்டும்.

கட்டணம் தூரத்துக்குத்தான், எத்தனை வண்டி மாறினீர்கள் என்பதற்கு அல்ல. ஓர் வண்டியிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால் அதே பயணம் தொடர்வதாக எடுத்துக்கொள்வார்கள். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம். எங்கள் வீட்டில் இதை நன்றாகவே பயன்படுத்துகிறோம். வழியில் ஒரு சந்தையில் இறங்கிக் கீரையும் மீனும் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டி ஏறுவோம். ஆனால் அது வேறு எண் வண்டியாக இருக்க வேண்டும். அதே எண்ணில் திரும்ப ஏறினால் புதுப் பயணமாகிவிடும்.

நிறுத்தத்தில் நின்றால் வண்டி தானாக நிற்கும் என்று நம்பாதீர்கள், கையைக் காட்டுங்கள். முன்வாசலில் ஏறி, பின்வாசலில் இறங்க வேண்டும். ரொக்கம் கொடுத்தால் மீதிச் சில்லறை வராது, கட்டணமும் கூடுதல். இறங்கும் இடம் தெரியாவிட்டால் போனில் வரைபடச் செயலியில் அஞ்சல் குறியீட்டை அடியுங்கள். இங்கே ஒவ்வொரு புளோக்குக்கும் தனி 6 இலக்க எண் இருப்பதால் வாசலிலேயே கொண்டுபோய் விடும். 'தேக்கா' என்று தேடினால் அந்தப் பெயரில் எம்ஆர்டி நிலையம் கிடைக்காது. நம் ஆட்கள் சொல்கிற தேக்காவுக்கு நிலையத்தின் பெயர் லிட்டில் இந்தியா. டாலரை 'வெள்ளி' என்பார்கள். கடைக்காரர் "முருங்கைக்காய் ரெண்டு வெள்ளி" என்றதும் அம்மா ஒரு நொடி திகைத்துவிட்டார்.

புதியவர்கள் தடுமாறுவது திரும்பி வரும்போதுதான். இறங்கிய இடத்துக்கு எதிர்ப்புறம் திரும்பும் வண்டி கிடைக்கும் என்று நினைப்போம். தேக்காவில் சிராங்கூன் சாலை ஒருவழிச் சாலை. எதிர்த்திசை வண்டிகள் பக்கத்தில் ஜாலான் புசார் வழியாகப் போகும். இது தெரியாமல் இரண்டு பை காய்கறியோடு கால் மணி நேரம் தப்பான இடத்தில் நின்றிருக்கிறோம்.

ரயிலில் சாப்பிடுவதும் குடிப்பதும் குற்றம், 500 வெள்ளி வரை அபராதம். ஒரு வாய்த் தண்ணீருக்கும் இதே சட்டம். எனவே சின்னப் பிள்ளைகளுக்கு நிலையத்துக்குள் நுழையும் முன்பே தண்ணீர் கொடுத்துவிடுங்கள். பிரியாணிப் பொட்டலம் பைக்குள் வரலாம், பிரிக்கத்தான் கூடாது. டுரியான் பழம் மூடியிருந்தாலும் கூடாது. வாசனை பழகாத நமக்கு அதில் வருத்தமில்லை.

ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழை கொட்டும் மாலையிலும் அவசரத்திலும் அதுதான் கை கொடுக்கும். பலகைகளில் நிலையப் பெயர் தமிழிலும் இருப்பதால் அம்மாவே எழுத்துக் கூட்டி வாசித்துக்கொள்வார், அவருக்கு மின்தூக்கி இருந்தால் போதும். தோபி காட் போன்ற மூன்று தடங்கள் சேரும் இடங்களில் மட்டும் நடை நீளம், வயதானவர்களோடு போகும்போது அங்கே மாறுவதைத் தவிர்க்கப் பாருங்கள்.

ஊர் கொஞ்சம் பிடிபட்ட பிறகு மேக்ஸ்வெல் நிலையத்தில் இறங்கி மாரியம்மன் கோவிலுக்குப் போங்கள். 1827இல் தொடங்கிய கோவில், இங்குள்ள இந்துக் கோவில்களில் மிகப் பழையது. பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்தை ஒட்டியே பூங்கா, நுழைவு இலவசம், பிள்ளைகள் ஓடலாம். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து செந்தோசா தீவுக்கு நடைபாதை இருக்கிறது, வெயில் தாழ்ந்ததும் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எந்த வண்டி என்று கேட்டால், உங்கள் புளோக்குக்குப் பக்கத்து நிறுத்தத்தில் முதலில் வரும் இரட்டை மாடி வண்டி. மேல்மாடி, முன்வரிசை. பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.