வக்கீல் வைக்கக் காசில்லையா? தர்மபுரியில் இலவச சட்ட உதவி கேட்பது எப்படி

பாலக்கோடு பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவும் உயில் எழுதாமல் இறந்தார். இருந்த இரண்டு ஏக்கரைத் தம்பிகள் இருவரும் தங்கள் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டார்கள். பட்டா மாறியதால் மட்டும் மகளின் பங்கு போய்விடாது. ஆனால் அவர் கேட்டது வேறு: "வக்கீல் வைக்கக் காசுக்கு எங்கடா போறது?"

அரசு செலவில் வக்கீல் வைத்துத் தருவார்கள் என்றேன். "அது ஜெயில்ல இருக்கறவங்களுக்குத்தானே?" என்றார். இல்லை. சொத்து, ஜீவனாம்சம், கூலி பாக்கி என்று சிவில் விவகாரங்களுக்கும் உண்டு. 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 39ஏ பிரிவும், 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டமும் இதற்காகவே இருக்கின்றன. இது யாரும் இரக்கப்பட்டுத் தருவதல்ல, கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதல் படி: உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. சித்தேரி மலையிலிருந்து வருகிற பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் காட்டினால் போதும். மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்த அக்கா வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கு இரண்டு நடை நடந்திருந்தார். பெண் என்பதால் அவருக்கு அது தேவையே இல்லை!

இரண்டாம் படி: எங்கே போவது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் போன்ற ஊர்களின் நீதிமன்றத்தில் 'வட்ட சட்டப்பணிகள் குழு எங்கே?' என்று கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

மூன்றாம் படி: மனு

பலர் சறுக்குவது இங்கேதான். நாற்பது வருடக் குடும்பச் சண்டையை நாலு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வருவார்கள். வேண்டாம். இவ்வளவு போதும்:

"என் அப்பா 2019இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்பா சுயமாக வாங்கிய 2 ஏக்கரை என் தம்பிகள் இருவரும் எனக்குத் தெரியாமல் பட்டா மாற்றிக்கொண்டனர். மூன்றில் ஒரு பங்கு கேட்டுப் பாகப்பிரிவினை வழக்குப் போட வக்கீல் அமர்த்தித் தர வேண்டுகிறேன்."

கூடவே ஆதார், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திரம், பட்டா ஆகியவற்றின் ஜெராக்ஸ். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். எழுதத் தெரியாதா? வாயால் சொன்னால் அவர்களே எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

மனுவின் நகலில் தேதியோடு சீல் போட்டு வாங்குங்கள். ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த ஏழு நாளை எண்ண அந்த சீல்தான் கணக்கு. மனுவைத் தள்ளிவிட்டால் ஆணைக்குழுத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அப்புறம், வக்கீல்

ஆணைக்குழு வைத்திருக்கும் வக்கீல் பட்டியலில் (பேனல்) இருந்து ஒருவரை நியமிப்பார்கள். அவருக்கான பீஸ், கோர்ட் கட்டணம், டைப்பிங் செலவு எதுவும் உங்கள் தலையில் விழாது. 'டீ செலவுக்கு' என்று யாராவது கை நீட்டினால் கொடுக்காதீர்கள். ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். வக்கீல் சரியாக வரவில்லை என்றாலும் மாற்றித் தரச் சொல்லி அங்கேயே கேட்கலாம்.

வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாமா என்றும் கேட்பார்கள். உடன்பிறந்தவர்கள் விஷயத்தில் அது நல்ல வழிதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அங்கே சமரசம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. எந்த சர்வே எண்ணில் எத்தனை சென்ட், வண்டிப்பாதை யாருக்கு, கிணற்றில் பங்கு உண்டா என்று வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்புறம் பேனாவை வாங்குங்கள்.