வேட்பாளருக்குக் காசு கொடுத்தது யார்? மட்டக்களப்பில் இருந்தபடி தேடிப் பார்ப்பது எப்படி

கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தாலும், வெளிச்சமே மறையும் அளவுக்கு 'உபயம்' என்று பெயர் எழுதிவிடுகிற ஆட்கள் நாம். தேர்தல் வந்துவிட்டால் மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போகிறதோ தெரியாது. வான் ஓடுகிறது, பதாகை தொங்குகிறது, சாப்பாட்டுப் பார்சல் வருகிறது. யாருடைய உபயம் என்று எங்கேயும் எழுதியிருக்காது.

அதைத் தேடிப் பார்க்கும் வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். என் அக்கறை முக்கியமாகச் சூதாட்டக் காசும் தரகர் காசும் (மற்றவர்களுக்காக அரசியல்வாதிகளிடம் பேசிக் காரியம் முடித்துக் கொடுப்பவர்களின் காசு) பற்றியது. இதுவரை இப்படி எதுவும் செய்து பார்க்காதவர்களுக்காகவே எழுதுகிறேன். அடையாள அட்டை, ஒரு கொப்பி, அரை நாள் லீவு இருந்தால் போதும்.

தொடங்குமுன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் மூன்று வகைக் காசை வேட்பாளர் வாங்கக்கூடாது என்கிறது. அரச நிறுவனங்களின் காசு, வெளிநாட்டுக் காசு, கொடுத்தவர் யாரென்று தெரியாத காசு. அந்தப் பட்டியலில் சூதாட்டத் தொழில் இல்லை. கசினோ முதலாளியோ பந்தயக் கடைக்காரரோ தன் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் அது சட்டப்படி சரி. ஆகவே வேட்பாளரின் வரவு செலவு அறிக்கையில் அப்படி ஒரு பெயரைக் கண்டதும் "கள்ளன்" என்று பேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். நாம் தேடுவது சட்டத்தில் உள்ள ஓட்டைக்கான சான்று. அதை ஒருவருடைய குற்றமாகக் காட்டினால் வழக்கு நம் தலையில் விழும்.

ஏன் சூதாட்டத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்? சீமெந்துக் கடைக்காரர் அரசாங்கம் மாறினாலும் சீமெந்து விற்பார். சூதாட்டக் கடைக்கு அனுமதிப்பத்திரம், வரி, கதவைத் திறக்கும் உரிமை எல்லாமே ஒரு கையெழுத்தில் தொங்குகிறது. கையெழுத்து போடுகிறவருக்கே காசும் கொடுத்தால் அது எதற்கான காசு?

பக்கத்து நாட்டைப் பாருங்கள். இந்தியாவில் கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் காசு கொடுக்க வழி விட்ட 'தேர்தல் பத்திரங்கள்' என்ற திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரி 15 அன்று இரத்துச் செய்து, பெயர்களை வெளியிடச் சொன்னது. பட்டியலின் உச்சியில் இருந்தது பியூச்சர் கேமிங் என்ற லொத்தர் கம்பனி, 1,368 கோடி இந்திய ரூபாயோடு. அதில் 509 கோடி தி.மு.க.வுக்குப் போனதாக அந்தக் கட்சியே தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த கணக்கில் இருந்தது. அந்தத் திட்டத்தில் அது சட்டப்படியான காசுதான். நீதிமன்றம் கட்டாயப்படுத்தாமல் இருந்திருந்தால் பெயர் வெளியே வந்திருக்காது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

"மட்டக்களப்பில் கசினோ ஏது?" என்று கேட்பீர்கள். கசினோ கொழும்பில்தான். ஆனால் சட்டத்துக்குக் கை தூக்குகிறவர்களில் ஐந்து பேரை மட்டக்களப்பும் ஏழு பேரை அம்பாறையும் அனுப்புகின்றன. பந்தய விளம்பரம் நம் பெடியன்மாரின் போனுக்கே வந்துவிட்டது, அதற்குக் கட்டடம் தேவையில்லை.

படி 1: ஆளைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்

எந்தத் தேர்தல், எந்த மாவட்டம் அல்லது சபை, எந்தக் கட்சி, முழுப்பெயர். பாராளுமன்றத் தேர்தலானால் விருப்பு இலக்கமும் வேண்டும். சுயேச்சை என்றால் குழு இலக்கம் கட்டாயம். நான் முதல் தடவை பெயரையும் சின்னத்தையும் மட்டும் சொல்லிக்கொண்டு போய் நின்றேன். அந்தப் பெயரில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், எனக்கு எந்த ஆள் என்று சொல்லத் தெரியவில்லை. பஸ் காசு வீண். மறுகா அடுத்த கிழமை ஒழுங்காக எழுதிக்கொண்டு போனேன்.

படி 2: காலமும் இடமும்

முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் தன் வரவு செலவு அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு அந்தக் கெடு டிசம்பர் 6. அதற்கு முன் போய்ப் பயனில்லை. வேட்பாளரின் அறிக்கை மாவட்டத் தெரிவத்தாட்சி அலுவலரிடம் (மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் அதிகாரி) இருக்கும். கட்சியின் அறிக்கை இராஜகிரியவில், தேர்தல் ஆணைக்குழுவில்.

கல்முனை, பொத்துவில் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குறிப்பு: தேர்தல் ஆவணங்களில் உங்கள் மாவட்டம் திகாமடுல்லை என்றுதான் இருக்கும். அம்பாறை நகரம் வரை போக வேண்டியிருப்பதால் முதலில் போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

அலுவலகத்தில் நீண்ட கதை வேண்டாம். "இன்னாருடைய வரவு செலவு அறிக்கையைப் பார்வையிட வேண்டும், பிரதிக்கு எவ்வளவு?" அவ்வளவுதான்.

படி 3: கிடைக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான். தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, கேட்டாலும் சொல்லாதீர்கள். 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஆவணத்தைக் கேளுங்கள், அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள். "இந்த வேட்பாளருக்குச் சூதாட்டக் காசு வந்ததா?" என்றால் பதில் கிடைக்காது. "இன்ன தேர்தலில் இன்னார் கையளித்த வரவு செலவு அறிக்கையின் முழுப் பிரதி, இணைப்புகள் உட்பட" என்று எழுதுங்கள். 'இணைப்புகள் உட்பட' என்பதை விட்டுவிடாதீர்கள்.

படி 4: அறிக்கையை வாசிப்பது

இங்கேதான் நேரம் எடுக்கும். தேநீர் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் மொத்தச் செலவு. ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவு என்று ஆணைக்குழு உச்ச எல்லை போடும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது 109 ரூபாய், மொத்தமாக 186 கோடிக்கு மேல். உங்கள் வேட்பாளரின் எல்லையைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். எல்லையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற கணக்கை நான் இரண்டு தடவை வாசிப்பேன்.

அப்புறம் வரவுப் பக்கம். பெரும்பாலும் 'சொந்தப் பணம்' என்று ஒரு பெரிய தொகை நிற்கும். ஆள் வென்றவரானால் அதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. 2023 இன் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் பாராளுமன்ற உறுப்பினர்கள் கொடுக்கும் சொத்து, பொறுப்பு விபரங்கள் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இருக்கின்றன. சம்பளமும் சொத்தும் சின்னதாக இருந்து, சொந்தப் பணம் மட்டும் பெரிதாக இருந்தால் அது ஒரு கேள்வி. பதில் நேர்மையானதாகவும் இருக்கலாம், மனைவியின் காணி விற்ற காசாகவும் இருக்கலாம். கேள்வியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நன்கொடையாளர் பெயர்கள். கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் பெயரைத் தேடலாம். கட்டணம் செலுத்தினால் பணிப்பாளர்கள், பங்குதாரர்கள் பெயர் உள்ள ஆண்டு அறிக்கையையும் எடுக்கலாம். தனியாட்கள் என்றால் முகவரியைப் பாருங்கள். ஐந்து பேர் ஒரே தொகையை ஒரே முகவரியில் இருந்து கொடுத்திருந்தால், ஒரே பையில் இருந்து ஐந்து கை நீண்டிருக்கிறதா என்று யோசிக்கலாம்.

பொருளாகக் கொடுத்ததை மறக்காதீர்கள். வாகனம், ஒலிபெருக்கி, மேடை, சாப்பாடு எல்லாம் நன்கொடைதான். தேர்தல் காலத்துத் துண்டுப்பிரசுரத்தை எறியாமல் வைத்திருங்கள். அதில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அச்சகத்தின் பெயர் செலவுப் பக்கத்தில் இல்லையென்றால் அச்சுக்கூலியை வேறு யாரோ கட்டியிருக்கலாம். பேஸ்புக்குக்கும் அப்படித்தான்: மெட்டாவின் விளம்பர நூலகத்தில் அரசியல் விளம்பரத்துக்குக் காசு கட்டியவர் பெயரும் ஏறத்தாழ எவ்வளவு என்பதும் தெரியும்.

கண்டதை ஒரு தாளில் மூன்று நிரலாக எழுதுங்கள்: அறிக்கையில் உள்ளது, வெளியே கண்டது, இரண்டும் பொருந்தாத இடம்.

படி 5: ஓட்டையை அடைக்கச் சொல்லி எழுதுவது

"சூதாட்டக் காசைத் தடை செய்" என்று ஒரு வரி எழுதினால் அது சுலோகம். சட்டத் திருத்தமாக எழுத வேண்டுமென்றால், செய்து பார்த்த இடங்களில் இருந்து படிக்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் சூதாட்ட, மதுபான, புகையிலை வணிகங்களும் காணி அபிவிருத்திக்காரர்களும் அரசியல் நன்கொடை கொடுப்பதைத் தடுத்திருக்கிறது. கம்பனியோடு நிற்காமல் பணிப்பாளர், அவர் துணைவர், 20 சதவீதத்துக்கு மேல் வாக்குரிமை உள்ளவர் வரை தடை போகிறது. மச்சானின் பெயரில் கொடுக்கும் வித்தை அங்கேயும் உண்டு போல. அமெரிக்காவில் நியூ ஜேர்சி, கசினோக்களுக்கு 1977 இல் கதவு திறந்த சட்டத்திலேயே இந்தத் தடையையும் வைத்தது. பென்சில்வேனியா போட்ட முழுத் தடை 2018 இல் நீதிமன்றத்தில் விழுந்தது, தேவைக்கு மேல் அகலம் என்று. நம் நாட்டில் சபாநாயகர் சான்றுப்படுத்திய பிறகு சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே உயர் நீதிமன்றம் பார்க்க வேண்டும். ஆகவே காரணத்தை வரைவிலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

தரகர் விஷயம் வேறு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் பதிவு பெற்ற லொபிக்காரர், அதாவது தரகர், வேட்பாளருக்குக் காசு கொடுக்கக்கூடாது. இங்கே லொபிக்காரர் பதிவேடே கிடையாது. யார் தரகர் என்று எழுதப்படாத நாட்டில் தரகருக்குத் தடை போட்டால் யாரைப் பிடிப்பது? முதலில் பதிவேட்டைக் கேளுங்கள், தடை பிறகு.

சூதாட்டத்துக்கு அந்தச் சிக்கல் குறைவு. சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2025 இல் நிறைவேறியிருப்பதால், அனுமதிப்பத்திரத்தை வைத்தே வரையறுக்கலாம். நான் எழுதியது இப்படி:

"அனுமதிப்பத்திரம் பெற்றோ பெறாமலோ இலாபத்துக்காகச் சூதாட்டம் அல்லது பந்தயம் நடத்தும் ஆளோ நிறுவனமோ, அதன் பணிப்பாளரோ, அவர் வாழ்க்கைத்துணையோ, 20 சதவீதத்துக்கு மேல் பங்கு உள்ளவரோ, வேட்பாளருக்கோ கட்சிக்கோ பணமாகவோ பொருளாகவோ நன்கொடை வழங்கலாகாது, வேட்பாளரும் கட்சியும் அதை ஏற்கலாகாது."

'பெறாமலோ' என்ற சொல்லுக்காக ஒரு இரவு யோசித்தேன். அது இல்லாவிட்டால் போனில் நடக்கும் அனுமதியில்லாத பந்தயம் முழுவதும் தப்பிவிடும்.

ஒரு பக்கக் கடிதமாக, படி 4 இன் தாளை இணைத்து, தேர்தல் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். பாராளுமன்றத்துக்குப் பொது மனுவாகவும் கொடுக்கலாம். அதை ஒரு உறுப்பினர்தான் சபையில் சமர்ப்பிக்க வேண்டும். ஆமாம், யாருடைய கணக்கைப் பார்த்தீர்களோ அவரிடமேகூடப் போய் நிற்க நேரலாம். போங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி போட்டுப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.