சூடு தெரியாத சூடு: கதிர்வீச்சில் வெந்த கையும் நாம் செய்யும் தவறுகளும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் தெற்கே, மெரிபேங்க் பக்கம் வளர்ந்தவர்களுக்கு எண்ணெய் ஆலை ஷட்டவுன், அதாவது ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் காலம், என்றால் தெரியும். குழாய் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று இரவில் கதிர்வீச்சால் படம் எடுக்கும் வேலைக்கு நம் பையன்களும் போனதுண்டு. அந்தக் கேமராவுக்குள் கதிரை வீசும் சோர்ஸாக இருப்பது பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்க உலோகம்.

மாரியம்மன் கோயில் தீமிதியில் நெருப்பு காலோடு உடனே பேசிவிடும். இந்தக் கதிர் பேசாது. கை சுடவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பதுதான் முதல் தவறு. 100 கியூரி (சோர்ஸின் வலிமையைச் சொல்லும் அலகு) இரிடியம் ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு அரை கிரே (உடம்பு வாங்கும் கதிரின் அலகு) அளவு தரும். ஒரு சென்டிமீட்டருக்கு நெருங்கினால் அது பத்தாயிரம் மடங்காகிறது. அதாவது வினாடிக்கு ஒரு கிரேக்கும் மேல். தோல் சிவக்க 6 கிரே அளவு போதும். 20 கிரேயைத் தாண்டினால் கொப்புளம் உடைந்து புண்ணாகும், இன்னும் போனால் சதையே செத்துவிடும். எண்ணிப் பாருங்கள், எல்லாம் சில வினாடி விஷயம்.

சோர்ஸைக் குழாய் வழியே வெளியே தள்ளி மீண்டும் கேமராவுக்குள் இழுக்கும் கேபிளைச் சுற்றி முடித்ததும் "சோர்ஸ் உள்ளே போய்விட்டது" என்று கைப்பழக்கத்தை நம்புகிறவர்கள் உண்டு. சோர்ஸ் கேபிளிலிருந்து கழன்று குழாயிலேயே நின்றிருக்கலாம். அலாரம் கத்தவில்லை என்பதும் சான்று ஆகாது, பாட்டரி செத்திருக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கதிர் அளக்கும் மீட்டரைக் கையில் பிடித்தபடி நடந்து, கேமராவையும் குழாயையும் முழு நீளத்துக்குப் பார்க்க வேண்டும்.

தரையில் கிடக்கும் பளபளப்பான சின்ன உலோகத் துண்டைக் கையால் எடுக்கவே கூடாது. 1999-இல் பெருவில், யனாங்கோ நீர்மின் நிலையத்தில் ஒரு வெல்டர் அப்படித்தான் இரிடியம் சோர்ஸை எடுத்துப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பல மணி நேரம் அது அங்கேயே இருந்தது. கடைசியில் ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது.

நெஞ்சில் குத்திய, வாங்கிய கதிரைப் பதிவு செய்யும் பேட்ஜ் சரியாக இருக்கிறதே என்பார்கள். அது நெஞ்சின் கணக்கு, விரலின் கணக்கு அல்ல. விரலுக்கு மோதிர பேட்ஜ் வேறு. கைக்கு வருட வரம்பு 500 மில்லிசீவர்ட் (இந்தக் கதிருக்கு ஏறக்குறைய அரை கிரே). ஈயக் கையுறையையும் நம்பாதீர்கள், இரிடியம் கதிருக்கு அது ஏறக்குறைய வெறும் துணிதான்.

இனி பெரிய தவறு. சில மணி நேரத்தில் லேசாகச் சிவக்கும், ஓரிரு நாளில் மறைந்துவிடும். ஆள் "சரியாப் போச்சு" என்று நிம்மதியாகிறார். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இடம் வீங்கும், எரியும், உரியும். அப்போது மஞ்சள், கற்றாழை, பற்பசை என்று வீட்டு வைத்தியம் தொடங்கும். டாக்டரிடம் போனாலும் "வெல்டிங் சூடு" என்றுதான் சொல்கிறோம், அவரும் அதற்கே மருந்து தருகிறார். வேலை போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. ஆனால் "கதிர்வீச்சு வேலை செய்கிறேன், இந்தத் தேதி, இத்தனை நிமிடம், கை இவ்வளவு பக்கத்தில்" என்று சொல்லாவிட்டால் எந்த டாக்டராலும் ஊகிக்க முடியாது. முதல் இரண்டு நாளில் அடுத்தடுத்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் (ஒருவகை வெள்ளையணு) எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்பதை வைத்து உடம்பு எவ்வளவு வாங்கியது என்று மதிப்பிடலாம். அந்த நாட்கள் போனால் திரும்பாது. கையைத் தினமும் போட்டோ எடுத்து வையுங்கள். மாதக்கணக்கில் புண் ஆறி மீண்டும் திறக்கும், வலியும் அலையலையாக வரும்.

வீட்டில் இன்னொரு தவறு நடக்கும்: அவருக்குத் தனித் தட்டு, தனிப் படுக்கை, குழந்தையைத் தூக்காதே என்று ஒதுக்குவது. கேப்சூலுக்குள் மூடிய சோர்ஸிலிருந்து கதிர் பட்டவர் யாருக்கும் கதிர் பரப்ப மாட்டார், எக்ஸ்ரே எடுத்தவர் பரப்பாததைப் போலத்தான். கேப்சூல் உடைந்து தூள் ஒட்டியிருந்தால் மட்டும் கதை வேறு.

அப்புறம் காகிதம். தென்னாப்பிரிக்காவில் 1993-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி குறித்த கெடுவுக்குள் கோரிக்கை போட வேண்டும். கையெழுத்திட்ட விபத்து அறிக்கை, பேட்ஜ் கணக்கு, இரண்டின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஷட்டவுன் முடிந்தால் ஒப்பந்தக்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.