மருத்துவமனைப் பதிவுகளை வைத்து ஆராய்ச்சி: எக்செல்லில் ஒரு முதல் பயிற்சி

மருத்துவமனையில் ஒருவர் சேர்ந்தால் சேர்ந்த நேரம், எடுத்த ரத்தம், போட்ட ஊசி எல்லாம் கணினியில் ஏறிவிடுகின்றன. சிகிச்சை கொடுக்கவும் பில் போடவும் எழுதிவைத்த இந்தப் பதிவுகளை ஆராய்ச்சிக்கு எடுக்கும்போது அதற்கு ‘ரியல் வேர்ல்டு டேட்டா’ என்று பெயர். ஆராய்ச்சிக்காக யாரும் எழுதாதது என்பதால் ஒவ்வொரு வரியிலும் ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்துக்காகத்தான் இந்தப் பயிற்சி. புரோகிராமிங் தேவையில்லை, எக்செல் போதும்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

ஃபைலைத் திறக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நம் கேள்வி இது: மருத்துவமனையில் சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் கூடுதலாக இருந்தவர்கள், அதே மருத்துவமனை வாசத்தில் அதிகம் இறந்தார்களா? கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு. அது ஏறினால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று பொருள்.

படி 2: டேட்டாவை இறக்குங்கள்

பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் பதிவுகளை, அடையாளங்களை நீக்கி, ‘மிமிக்-4’ என்ற பெயரில் ஆராய்ச்சியாளர்களுக்குத் தருகிறார்கள். அதில் 100 நோயாளிகள் மட்டும் கொண்ட டெமோ, ஃபிசியோநெட் தளத்தில் எல்லாருக்கும் இலவசம். பேஷன்ட்ஸ் (நோயாளிகள்), அட்மிஷன்ஸ் (மருத்துவமனையில் சேர்ந்த விவரம்), லேப்ஈவென்ட்ஸ் (சோதனை முடிவுகள்), டி-லேப்ஐட்டம்ஸ் (சோதனைகளின் பெயரும் எண்ணும்) என்ற நான்கு ஃபைல்கள் போதும். சுருக்கிய ஃபைலாக வரும். செவன்-ஜிப் கொண்டு விரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: அவசரப்படாமல் பாருங்கள்

அட்மிஷன்ஸைத் திறந்தால் ஆண்டு 2100-க்கு மேல் இருக்கும். அது பிழை இல்லை. யாரையும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒவ்வொரு நோயாளியின் தேதிகளையும் வெவ்வேறு அளவு தள்ளிவைத்திருக்கிறார்கள். ஒரே நோயாளியின் இரண்டு தேதிகளுக்கு இடையே உள்ள இடைவெளி சரியாக இருக்கும். இரண்டு நோயாளிகளில் யார் முதலில் வந்தார் என்று மட்டும் கேட்கக் கூடாது. அதேபோல பேஷன்ட்ஸ் ஃபைலில் 89-ஐத் தாண்டியவர்கள் எல்லாருக்கும் வயது 91 என்று போட்டிருப்பார்கள்.

இன்னொன்று: நோயாளிகள் 100 பேர், அட்மிஷன் வரிகளோ 275. ஒருவரே பல முறை சேர்ந்திருக்கிறார். வரிகளை ஆட்களாக எண்ணினால், அடிக்கடி வந்தவரின் கதையே ஓங்கி ஒலிக்கும். நோயாளி எண், சேர்ந்த நேரம் என்ற வரிசையில் அடுக்கி, நோயாளி எண்ணை மட்டும் டிக் செய்து ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ கொடுங்கள். ஒவ்வொருவரின் முதல் அட்மிஷன் மட்டும் நிற்கும்.

படி 4: சரியான கிரியாட்டினினைப் பிடியுங்கள்

டி-லேப்ஐட்டம்ஸில் ‘கிரியாட்டினின்’ என்று தேடினால் பல வரிகள் வரும். சிறுநீரில் அளந்ததும் அதே பெயரோடு நிற்கும். அதன் அளவே வேறு. நமக்கு வேண்டிய ரத்தச் சோதனையின் எண் 50912. லேப்ஈவென்ட்ஸில் அந்த எண்ணை மட்டும் ஃபில்டர் செய்து புதிய ஷீட்டுக்கு மாற்றுங்கள். இங்கே அலகு மில்லிகிராம்/டெசிலிட்டர். பல நாடுகளில் மைக்ரோமோல்/லிட்டர் எழுதுவார்கள், இதைப்போல 88.4 மடங்கு. பின்னால் வேறு டேட்டா எடுக்கும்போது முதலில் அலகைப் பாருங்கள்.

இனி வீலுக்கப் (ஒரு ஷீட்டில் உள்ளதைத் தேடி இன்னொரு ஷீட்டுக்குக் கொண்டுவரும் எக்செல் சூத்திரம்) மூலம் சேர்ந்த நேரத்தை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கொண்டுவந்து, ரத்தம் எடுத்த நேரத்திலிருந்து கழியுங்கள். எக்செல்லில் 1 என்றால் ஒரு நாள். சில விடைகள் மைனஸில் வரும். எமர்ஜென்சியில் ரத்தம் எடுத்த பிறகுதான் அட்மிஷன் போட்டிருப்பார்கள். அந்த ரத்தமும் நமக்கு வேண்டும். அதனால் மைனஸ் 0.25 முதல் 1 வரை, அதாவது 6 மணி நேரம் முன்பிருந்து 24 மணி நேரம் பின்பு வரை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கு முதல் அளவை மட்டும் வையுங்கள்.

படி 5: கடிகாரத்தை எங்கே தொடங்குவது?

புதியவர்கள் அதிகம் தவறும் இடம் இது. ஆஸ்கர் வாங்கிய நடிகர்கள் மற்ற நடிகர்களைவிட 3.9 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் 60 வயதில் ஆஸ்கர் வாங்க வேண்டுமென்றால் 60 வயதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த ஆண்டுகளையும் விருதின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 2006-இல் வேறு குழு இதைத் திருத்திக் கணக்கிட்டபோது வித்தியாசம் ஏறக்குறைய ஓர் ஆண்டாகச் சுருங்கியது. அதுவும் உறுதியாகச் சொல்லக்கூடியதாக இல்லை.

நம் கணக்கிலும் அதே பள்ளம் உண்டு. முதல் 24 மணி நேரத்தை வைத்து ஆட்களைப் பிரிக்கிறோம் என்றால், கடிகாரம் 24-ஆவது மணியில்தான் ஓடத் தொடங்க வேண்டும். அதற்கு முன் இறந்தவர்களையும் டிஸ்சார்ஜ் ஆனவர்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். எத்தனை பேரை எடுத்தீர்கள் என்று மறக்காமல் குறித்துவையுங்கள்.

படி 6: காலியாக இருப்பதை நிரப்பாதீர்கள்

சிலருக்கு கிரியாட்டினின் இருக்காது. ‘நார்மலாகத்தான் இருந்திருக்கும்’ என்று நிரப்பக் கை துறுதுறுக்கும். வேண்டாம். டாக்டர் ஏன் எழுதவில்லை என்பதே ஒரு தகவல். பாஸ்டனின் இரண்டு மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2018-இல் வந்த ஆய்வில் 272 வகைச் சோதனைகளைப் பார்த்தார்கள். அவற்றில் 233-இல், முடிவு என்ன என்பதை விடுங்கள், சோதனை எழுதப்பட்டதா என்பதே நோயாளி மூன்று ஆண்டு உயிரோடிருப்பதோடு தொடர்புடையதாக இருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பி ரத்தம் எடுக்கச் சொன்னால், அந்த நோயாளியைப் பற்றி டாக்டருக்கு ஏதோ கவலை. முடிவு வருவதற்கு முன்பே அந்தக் கவலை டேட்டாவில் பதிந்துவிடுகிறது.

அதனால் மூன்று குழு வையுங்கள்: கிரியாட்டினின் 1.2 வரை (ஏறக்குறைய நார்மலின் மேல் எல்லை), 1.2-க்கு மேல், அளக்காதவர்.

படி 7: பிவட் டேபிள்

பிவட் டேபிள் என்பது வரிகளைக் குழுவாரியாக எண்ணித்தரும் எக்செல் அட்டவணை. வரிசையில் குழு, பத்தியில் அட்மிஷன்ஸில் உள்ள இறப்புக் குறி (1 என்றால் மருத்துவமனையிலேயே இறந்தவர்). சதவீதம் போடுங்கள். அப்புறம் வயதை 65-க்குக் கீழ், 65-உம் அதற்கு மேலும் என்று பிரித்து மறுபடி பாருங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீரகமும் தளரும், இறப்பும் கூடும். எது எதனால் என்று குழம்பிவிடும்.

இந்தக் குழப்பம் பெரிய விலை கேட்டிருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்தால் இதயநோய் குறைகிறது என்று, யாரையும் குலுக்கிப் பிரிக்காமல் கவனித்து மட்டும் செய்த பல ஆய்வுகள் சொல்லிவந்தன. 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய அமெரிக்கச் சோதனை 2002-இல் வெளிவந்தபோது, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை இதயநோயைக் குறைக்கவில்லை, கொஞ்சம் கூட்டியது என்று தெரிந்தது. மாத்திரை எடுத்தவர்கள் முன்பே வசதியும் ஆரோக்கியமும் கூடியவர்களாக இருந்தது இதற்கு ஒரு காரணம்.

100 பேரை வைத்து வரும் எண்ணை முடிவு என்று எங்கும் எழுதாதீர்கள். இது கைப்பழக்கத்துக்கு மட்டும்.

பழக்கம் வந்த பிறகு முழு மிமிக்-4-க்கு விண்ணப்பிக்கலாம். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியின் நெறிகள் பற்றி ‘சிட்டி’ ஆன்லைன் பயிற்சியை முடித்து, டேட்டாவை யாருக்கும் பகிரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட வேண்டும். நண்பருக்கு பென் டிரைவில் கொடுப்பதும் மீறல்தான். அங்கே லேப்ஈவென்ட்ஸ் மட்டும் பத்துக் கோடி வரிகளைத் தாண்டும். எக்செல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகளுக்கு மேல் கொள்ளாது. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் எஸ்க்யூஎல் (பெரிய டேட்டாவிலிருந்து வேண்டியதைக் கேட்டெடுக்கும் கணினி மொழி) கற்கத் தொடங்குங்கள். மேலே வீலுக்கப்பில் செய்தது அங்கே ‘ஜாயின்’.